திண்ணை வரைக்கும்

உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தால் எங்கே உட்காரச் சொல்வீர்கள்?

"இது என்ன கேள்வி! கூடத்தில்தான் உட்காரச் சொல்வோம்" என்பீர்கள். போன தை மாதம் வரையில் என்னைக் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். கோணான்குப்பத்துக்குப் போய்விட்டு வந்த பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்றுதான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படுகிற சமயம் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். "எல்லாரையும் கை நீட்டி வரவேற்கிற, காலத்தோடு நடக்கிற ஒரு கிறிஸ்தவப் பங்கு எப்படி இருக்கும்? அதைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

கோயில், அதைச் சேர்ந்த தெருக்கள், குடும்பங்கள், கல்லறைத் தோட்டம் எல்லாம் அடங்கியதற்குத்தான் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர் அல்லவா? பங்கு என்றால் எல்லாருக்கும் அதில் ஒரு பாகம் உண்டு என்றுதானே அர்த்தம்?

"விருத்தாசலம் பக்கம்தான் போகிறேன். பார்த்து எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு நல்லூர் இருக்கும். என் அத்தை இருப்பது விருத்தாசலத்தை அடுத்த நல்லூர். மணிமுத்தாற்றுப் பக்கம். அத்தையின் வீடு பழைய காலத்து ஓட்டு வீடு. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, அப்புறம் கூடம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து விடுமுறைகளை எல்லாம் நான் கழித்தது அந்த வீட்டில்தான்.

அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிற ஒருத்தியை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க, நெல் காயப்போட, புளி உடைக்க என்று வருவாள். மற்ற நாளில் எல்லாம் அவளுக்கு விருத்தாசலத்தில் வேலை, பீங்கான் பொம்மை செய்கிற ஒரு ஷெட்டில்.

விருத்தாசலத்துக்குப் பழமலைநாதர் கோயில் எப்படிப் பெருமையோ, அப்படிப் பீங்கானும் ஒரு பெருமை. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சார ஃப்யூஸ் கட்டைகள் எல்லாம் அங்கே உருவாகின்றன. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பாரீஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஓரமாகப் படிந்து இறுகும். அச்சைப் பிரித்து எடுத்து, விளிம்பில் இருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். பிசிறு சீவுவதுதான் அக்காவுக்கு வேலை. "பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஓரத்திலே சீவும்போது மூச்சை அடக்கிக்கணும்மா. கை கொஞ்சம் அழுத்தினாப் போதும், உடைஞ்சு போயிடும்" என்று சொல்லுவாள்.

பொங்கலுக்கு மறுநாள் அவள்தான் என்னிடம் கேட்டாள்: "பெரியநாயகி அம்மா கோயில்லே திருவிழா நடக்குது. வர்றீங்களாம்மா?"

"விருத்தாசலத்திலேதானே? அம்மன் சந்நிதியை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "அது பழமலைநாதர் வீட்டுப் பெரியநாயகி. நான் சொல்றது கோணான்குப்பத்துப் பெரியநாயகி. எங்க மாதா."

அக்கா கிறிஸ்தவப் பெண் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளுடைய மாதாவுக்கும் எங்கள் அம்மனுக்கும் ஒரே பெயர் என்பது, இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆசிரியர் கொடுத்த வேலையும் ஞாபகத்துக்கு வந்தது. "வருகிறேன் அக்கா" என்று உடனே சொல்லிவிட்டேன்.

*

விருத்தாசலத்தில் பஸ் மாறிக் கோணான்குப்பம் போய்ச் சேர்ந்தோம். திருவிழாக் கூட்டத்தைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டியதில்லை. வளையல் கடை, பொரி கடை, தலையை மொட்டையடித்துக்கொண்டு சந்தனம் பூசிய குழந்தைகள், மஞ்சள் காயாத தாலிக் கயிற்றோடு புதுப்பெண்கள். நெற்றியில் திருநீறு இட்டவர்களும் இருந்தார்கள், கழுத்தில் ஜெபமாலை போட்டவர்களும் இருந்தார்கள். யாரும் யாரையும், "நீ யார்? ஏன் வந்தாய்?" என்று கேட்கவில்லை.

உள்ளே போய் மாதாவைப் பார்த்தேன். பார்த்ததும் திகைத்து நின்றேன். நம் ஊர்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்தி, கையில் குழந்தையோடு நின்றாள். ஏதோ ஒரு நாட்டு ராணி நம் ஊருக்கு வந்திருக்கிறாள் என்ற எண்ணம் வரவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இந்தச் சேலைக்குக் காரணமானவர் வீரமாமுனிவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரமார்த்த குருவின் கதையைப் படித்து நாம் சிரித்திருக்கிறோமே, அந்தக் கதையை எழுதியவர். 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ம் ஆண்டுவாக்கில் இந்தியாவுக்கு வந்து, 1747-ல் இந்த மண்ணிலேயே காலமானவர். சதுரகராதி என்ற அகராதியை 1732-ல் முடித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். இயேசுவை வளர்த்த சூசையப்பருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டி, 3615 பாட்டுகளில் தேம்பாவணி என்ற காவியம் பாடினார். அது இந்தக் கோணான்குப்பத்தில் பாடப்பட்டது என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் கோயில் எழும்ப உதவினார் என்றும், மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகப் படம் எழுதி மணிலாவுக்கு அனுப்பி முனிவர் இந்தச் சுரூபத்தைச் செய்து வரவழைத்தார் என்றும் சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னால், கடல் கடந்து வந்த ஒருவர், தம்முடைய மாதாவுக்கு நம்முடைய சேலையை உடுத்தி, பக்கத்து ஊர் அம்மனின் பெயரையே வைக்கிறார். இதை விடப் பெரிய வரவேற்பு எது? கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்து ஒரு மர நிழலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அக்கா இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

"குடி தங்கச்சி, ஆறிப்போயிடும்" என்றாள்.

நல்லூர்த் திண்ணையில் நான் அவளுக்கு அம்மா. இங்கே தங்கச்சி ஆகிவிட்டேன். அவளுக்குத் தெரிந்தே அது நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

"அக்கா, உங்கள் கோயிலில் எல்லாரையும் எவ்வளவு அன்பாக வரவேற்கிறார்கள்!" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் டீயைக் குடித்தாள். பிறகு, "வெளியூர்க்காரங்களை எல்லாரும்தான் வரவேற்பாங்க, தங்கச்சி. பக்கத்துத் தெருதான் தூரம்" என்றாள்.

*

அக்கா பிறந்த ஊரும் ஒரு கிறிஸ்தவ ஊர்தான். அதன் பெயர் நமக்கு வேண்டாம். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவிழாவுக்குத் தேர் புறப்பட்டால், பெரிய தெருக்களை எல்லாம் சுற்றிவிட்டு அவர்கள் தெரு முனையோடு திரும்பிவிடுமாம். தெரு முனையில் நின்று மெழுகுவத்தியை நீட்டி மாதாவைக் கும்பிட்டுக்கொள்வார்களாம். அவளுடைய அம்மா இறந்தபோது, பெட்டியைக் கோயில் வாசலுக்குப் போகும் பெரிய தெரு வழியாக எடுத்துச் செல்ல விடவில்லை. வயல் வரப்பின் மேல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐப்பசி மாதம். சேறு. பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவன் வழுக்கி விழுந்தான்.

"பெட்டி சாஞ்சுது பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதிலே இருக்கு. எங்கம்மா காலையிலே பூசை ஒரு நாளும் தவறவிட்டதில்லை" என்றாள்.

நான் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு நூலகத்தில் உட்கார்ந்து, இது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீரமாமுனிவருக்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் காவி உடுத்தார், தமிழும் சம்ஸ்கிருதமும் படித்தார். இந்த நாட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்களாக வேண்டுமானால் தங்கள் உடையையும் பாஷையையும் வழக்கங்களையும் விட வேண்டியதில்லை என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் நம்முடைய வழக்கங்களில் சாதியும் ஒன்று அல்லவா? அதையும் விடவேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. மேல்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறு வகைச் சாமியார் ஏற்பட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மாதாவுக்குச் சேலை வந்த அதே கதவு வழியாகத்தான் கோயிலுக்குள் சுவரும் வந்திருக்கிறது.

சுவர் என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. நிஜமான செங்கல் சுவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரிக் கோயிலுக்குள்ளே தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தனியாகப் பிரிக்கக் கட்டியிருந்த சுவர் இடிக்கப்பட்டதை, 1745 அக்டோபரில் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒதுக்கப்பட்டவர்களே போய் முறையிட்டதன் பேரில்தான் அது இடிக்கப்பட்டது. உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பையும் அவர் குறித்திருக்கிறார்.

அதே 1745-ல் தெற்கே வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் 15-ந் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன் 2020-ல் ஒரு காரியம் நடந்தது. சாதி பார்க்காத மனிதரின் பெயரோடு சாதிப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்க, 'பிள்ளை' என்ற பட்டத்தை ரோமாபுரியில் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? 1872-ல் அங்கே கட்டிய கோயிலுக்கு இரண்டு கிளைகள். ஒரு கிளையில் ஒரு சாதி, மறு கிளையில் இன்னொரு சாதி. நடுவில் சுவர். இரண்டும் சேர்கிற இடத்தில் பீடம். இந்தப் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சாமியார் மட்டும் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். கால்சட்டை மாதிரி இருந்ததால் அதைக் கால்சட்டைக் கோயில் என்றே சொல்வார்களாம். 1910-ல் ஒரு பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். அது கோர்ட்டு வரை போனது.

புராட்டஸ்டண்டுகள் மட்டும் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1833-ல் பிஷப் வில்சன், கோயிலுக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெரிய கலகம். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பக்திமானே அதை ஏற்காமல் விலகிப் போனார். 1847-ல் மதுரையில் அமெரிக்க மிஷன்காரர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். பலர் தேறவில்லை. ஜெபம் சொல்ல வந்தவர்களுக்குச் சாப்பிட வரவில்லை!

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், கோணான்குப்பத்திலிருந்து அதிக தூரமில்லாத எறையூர் இருக்கிறது. 2008 மார்ச்சில் அங்கே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். தனியாகப் போக யாருக்காவது ஆசையா? சவ ஊர்வலம் போகிற வழியிலிருந்து ஒவ்வொன்றும் தகராறு என்றால் வேறு என்ன செய்வார்கள்? கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அவர்கள் எதிர்த் தரப்பு ஏழைகள். எந்தத் தெருவில் என்றால் என்ன, பெட்டி பெட்டிதானே?

திருச்சபையில் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே, கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது தகாது என்று அழுத்தமாகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாவம் இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்வது சுலபமான காரியம் அல்ல. நம் வீடுகளில் எத்தனை பேர் ஒப்புக்கொள்கிறோம்?

*

நடந்ததற்குத் திரும்பி வருகிறேன்.

மர நிழலில் நான் அக்காவைக் கேட்டேன்: "அப்படியென்றால் எதை நல்ல பங்கு என்று சொல்வீர்கள், அக்கா?"

அக்கா விரலை மடக்கினாள். "தேர் எல்லாத் தெருவுக்கும் வரணும். சாவுக்கு ஒரே வழி, ஒரே கல்லறை. பங்குப் பேரவையிலே எங்க தெரு ஆளு பேசினா காது கொடுத்துக் கேட்கணும். கோயில் கணக்கை எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும். அவ்வளவுதான். வாசல்லே தோரணம் கட்டாட்டியும் பரவாயில்லை."

கல்லூரியில் படித்த நான் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். அவள் நாலு விரலில் முடித்துவிட்டாள்.

"அப்படி ஒரு பங்கு எங்கேயாவது இருக்கிறதா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அவளுடைய மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது வேறு ஒரு டவுனில். அங்கே உள்ள கோயிலில் மகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மேடை ஏறி வாசகம் வாசிக்கிறாளாம். முன் காலத்தில் பூசை லத்தீனில் நடக்கும். சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. சாமியாரும் ஜனங்கள் பக்கம் திரும்பினார். பெண்கள் வாசகம் வாசிப்பது வெகுநாளாக நடந்து வந்தாலும், அந்தப் பணியில் அவர்களை முறைப்படி அமர்த்தலாம் என்று சட்டம் மாறியது 2021 ஜனவரியில்தான். தென்னிந்தியத் திருச்சபையோ இன்னும் முன்னால் போய்விட்டது. அங்கே பெண்கள் குருவாகவே இருக்கிறார்கள். 2013-ல் ஒரு பெண்மணி பிஷப்பாகவும் ஆனார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி ஈஸ்டருக்கு மக வீட்டுக்குப் போயிருந்தேன். பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவற சடங்குக்கு ஒரு ஆளு குறையுதுன்னு என்னைக் கூப்பிட்டுட்டாங்க, தங்கச்சி" என்றாள் அக்கா.

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். சட்டப்படி ஆண்களுக்குத்தான் என்று இருந்ததை, பெண்களுக்கும் உண்டு என்று 2016-ல் போப் பிரான்சிஸ் மாற்றினார். அந்த மாற்றம் ரோமாபுரியிலிருந்து நடந்து நடந்து எங்கள் பீங்கான் ஷெட் அக்கா வரை வந்து சேர்ந்திருக்கிறது!

"எனக்குக் கையும் ஓடலே, காலும் ஓடலே. ஷெட்டிலே நாளெல்லாம் களிமண்ணிலே நிக்கற காலு. வெடிப்பு பூரா வெள்ளையா மண்ணு. பம்புக்குப் போய் மூணு தடவை தேச்சேன். நகக்கண்ணிலே இருந்தது மட்டும் போகலே. கோயில்லே சாமியார் மண்டி போட்டு என் காலைக் கையிலே எடுத்தாரு. நகத்தைப் பார்த்தாரு. 'என்ன வேலைம்மா பார்க்கறீங்க?'ன்னு மெதுவாக் கேட்டாரு. 'பொம்மை செய்யறேன் சாமி'ன்னேன். 'ஆண்டவருக்கும் அதுதானே முதல் வேலை, மண்ணிலே மனுசனைச் செஞ்சாரே'ன்னு சொல்லிட்டுக் கழுவினாரு."

அவள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவைத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

*

பொழுது சாயும் நேரத்தில் நல்லூர் வந்து சேர்ந்தோம். திருவிழாவில் வாங்கிய பொரியும் பேரீச்சம்பழமும் நிறைந்த பையை அக்கா எனக்காகத் தூக்கி வந்தாள். வாசலுக்கு வந்ததும் நான் படியேறி உள்ளே போனேன். அக்கா வழக்கம் போல் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாடி கண்ணு? காபி கலந்து வைச்சிருக்கேன். அவளுக்கும் கொண்டு போய்க் கொடு" என்றாள் அத்தை.

சமையலறைச் சுவரில் ஜன்னல் ஓரமாக ஒரு மாடம் உண்டு. அதில் ஒரு எவர்சில்வர் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் அது யாருடைய தம்ளர் என்று எனக்குத் தெரியும். என் கை தானாக அந்த மாடத்துக்குப் போயிற்று.

தொட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இத்தனை வருஷமாக அந்தத் தம்ளரில் அக்காவுக்குக் காபி கொண்டு போய்க் கொடுத்தது அத்தை மட்டும் அல்ல, நானும்தான். காலையில் அவள் வாங்கிக் கொடுத்த டீயை எந்தத் தம்ளர் என்று பாராமல் குடித்தவள். ஊரார் கோயிலில் எத்தனை சுவர் இடித்தார்கள், எத்தனை கட்டினார்கள் என்று கணக்கு எடுக்கக் கிளம்பியவள். விருத்தாசலத்தில் சுந்தரர் பொன்னை ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூரில் குளத்தில் தேடினாராம். அவருக்கு அது கிடைத்தது. என் வீட்டில் தொலைந்துபோனதைக் கோணான்குப்பத்தில் போய்த் தேடினால் எனக்குக் கிடைக்குமா?

கூடத்தில் பூஜை அலமாரி திறந்திருந்தது. நடுவில் வெள்ளைப் பீங்கான் பிள்ளையார். ஒரு வருஷம் அக்கா ஷெட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. தும்பிக்கை ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. அத்தை தினம் அதற்குத்தான் அறுகம்புல் சாத்துகிறாள். அவள் செய்த பிள்ளையார் பூஜை அலமாரி வரைக்கும் வந்துவிட்டார். அவள் திண்ணை வரைக்கும்தான் வந்திருக்கிறாள்.

மாடத்துத் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, வாசலுக்குப் போனேன்.

"அக்கா, உள்ளே வாருங்கள். கூடத்தில் உட்கார்ந்து குடிக்கலாம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால், ரேழி இருட்டில் நின்ற அத்தையைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா" என்றாள் மெதுவாக. "பெரியம்மாவுக்கு மனசு கஷ்டப்படும். நீங்க நாளைக்கு மெட்ராசுக்குப் போயிடுவீங்க. நான் நாளன்னிக்கும் இந்த வாசலுக்குத்தானே வரணும்?"

தங்கச்சி என்று சொல்லவில்லை. மறுபடியும் அம்மா ஆகிவிட்டேன்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுத் தம்ளர்கள் இரண்டில் காபி எடுத்து வந்து, அவள் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் குடித்தோம். பெரிய வீரச்செயல் ஒன்றும் இல்லை. அவளைப் போலவே எனக்கும் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இரவு அத்தையிடம் கேட்டேன்: "அந்தப் பிள்ளையார் யார் செய்தது, அத்தை?"

"தெரியாதவ மாதிரிக் கேக்கறியே. அவதான் செஞ்சா" என்று சொல்லிவிட்டு அத்தை புரண்டு படுத்தாள். அவள் தூங்கவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.

கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்க இத்தனை மாதம் ஆகிவிட்டது. எதை எழுதுவது? வரவேற்கிற பங்கு எது என்று அவர் கேட்டதற்குக் கோணான்குப்பத்துச் சேலையை மட்டும் எழுதினால் பாதி உண்மை. சுவரை மட்டும் எழுதினாலும் பாதி உண்மைதான். சுவரை இடிக்க ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் அதே கோயிலுக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறார். அவரை வரவழைத்தது, வெளியே நிறுத்தப்பட்டும் போகாமல் நின்றவர்களின் பிடிவாதம். அக்காவின் அம்மாவைப் போல, ஒரு நாளும் பூசை தவறாதவர்களின் பிடிவாதம். ஒரு பங்கின் பெயரும் புகழும் திருவிழாக் கூட்டத்தில் இல்லை. அந்த ஊரில் கடைசித் தெருவில் ஒருத்தி இறந்தால், அவள் பெட்டி எந்த வழியாகக் கோயிலுக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நவராத்திரிக்கு முதல் நாள் அத்தை செல்போனில் கூப்பிட்டாள். முழங்கால் வலியாம், கொலுப்படி கட்ட முடியவில்லையாம்.

"அப்புறம் யார் கட்டினா?"

"யாரு கட்டுவா? அவளைத்தான் கூப்பிட்டேன். பொம்மையை எடுக்கறதுக்கு அவ கைதான் பயமில்லாத கை. உள்ளே வந்து மளமளன்னு அடுக்கிட்டுப் போயிட்டா."

உள்ளே என்றால் கூடத்துக்குள்ளே!

"காபி கொடுத்தாயா, அத்தை?"

"கொடுக்காம இருப்பேனா?"

எந்தத் தம்ளரில் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, முதலில் அந்த மாடத்தைத்தான் பார்க்கப் போகிறேன்.